இரண்டு கதவுக் கார்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்

ஏ-9 வீதியில் மாலை நேரத்தில் பயணம் செய்பவர்கள் சில வேளை கண்டிருப்பார்கள். பட்டா லொறிகளுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் இடையே, தாழ்ந்த கூரையுடனும் இரண்டே கதவுகளுடனும் சிறிய கார் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். "யாரோ வெளிநாட்டுக் காசுக்காரர்" என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது தவறான கணிப்பு. அதன் பின்னால் வரும் சாதாரண குடும்பக் காரை விட அந்தக் கார் மலிவாக வாங்கப்பட்டிருக்கக் கூடும்.

முல்லைத்தீவில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் நண்பர் ஒருவருக்கு இப்படியொரு கார் மீது நெடுநாள் ஆசை. கடைக்குப் பட்டா லொறி இருக்கிறது, வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. சில வருடங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் கையில் இருந்தது. வவுனியாவில் 1990களின் டொயோட்டா செலிக்கா ஒன்று விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, தனக்குத் தெரிந்த கராஜ் பாஸையும் அழைத்துக்கொண்டு பார்க்கச் சென்றார். நானும் கூடச் சென்றேன்.

கார் பளபளத்தது. விலையும் எதிர்பார்த்ததை விடக் குறைவு. நண்பர் முற்பணத்தை எடுக்கக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுவிட்டார். பாஸ் மட்டும் பொனட்டைத் திறந்து, பதிவுப் புத்தகத்தின் பிரதியையும் செசி இலக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா, காசை உள்ளுக்கு வையுங்கோ. புத்தகத்தில இருக்கிற எஞ்சின் நம்பர் வேற, இதில இருக்கிறது வேற. புத்தகத்தில இருக்கிற ஆளும் விக்கிற ஆள் இல்ல."

அதாவது, 'ஓபன் பேப்பர்' வாகனம். பதிவு உரிமையாளர் உரிமை மாற்றப் படிவத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். வாங்குபவரின் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்க, வாகனம் நாலைந்து கை மாறி வந்திருக்கிறது. திரும்பி வரும் வழியில் நண்பர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அன்று சட்டைப் பைக்குள்ளேயே இருந்துவிட்ட பணம்தான் அவரது கடையைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

ஏன் இந்த மலிவு?

எங்கள் நாட்டில் வாகனம் என்பது ஓடும் பொருள் மாத்திரமல்ல, சேமிப்பும்தான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த கார்களின் விலை எங்கே போய் நின்றது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அப்படியிருக்க இரண்டு கதவுக் கார் மட்டும் ஏன் பின்தங்குகிறது?

முதற் காரணம் குடும்பம். உம்மாவையும் பிள்ளைகளையும் பின் ஆசனத்தில் ஏற்ற வேண்டுமானால் முன் ஆசனத்தை மடக்க வேண்டும். வயதானவர்களுக்கு அது பெரும் சிரமம். இரண்டாவது, வாடகைக்கு ஓட்டிச் சம்பாதிக்க முடியாது. மூன்றாவதுதான் முக்கியமானது. பழைய வாகனங்களுக்கு லீசிங் கொடுக்க நிறுவனங்கள் தயங்குகின்றன. கடன் கிடைக்கும் வாகனத்துக்கு வாங்குபவர் பலர், அதனால் விலை ஏறுகிறது. கடன் கிடைக்காத வாகனத்தைக் கைக்காசு உள்ளவர் மட்டுமே வாங்க முடியும். போட்டி குறைவதால் விலையும் இறங்குகிறது.

ஆக, கைக்காசு வைத்திருக்கும் ஒருவருக்கு இது நல்ல சந்தை. ஆனால் விற்கும்போதும் இதே சந்தையில்தான் விற்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

வெளியில் ஸ்போர்ட்ஸ், உள்ளே ஸ்டார்லட்

சில மாதங்களின் பின் பாஸே தொலைபேசியில் அழைத்தார். இம்முறை ஒரு டொயோட்டா சைனோஸ். சாயம் மங்கியிருந்தது. ஆசனத் துணி கிழிந்திருந்தது. நண்பருக்கு முகம் சுருங்கியது.

"நானா, இது வெளியிலதான் ஸ்போர்ட்ஸ் கார். உள்ளுக்கு ஸ்டார்லட்" என்றார் பாஸ்.

இந்த ஒரு வசனத்தில் ஒரு வியாபார பாடமே அடங்கியிருக்கிறது. 1991 முதல் 1999 வரை தயாரிக்கப்பட்ட சைனோஸ், டேர்சல், கோர்சா போன்ற சாதாரண கார்களின் அடித்தளத்தில் உருவானது. அதன் இயந்திரம் ஸ்டார்லட்டில் இருக்கும் அதே 'ஈ' வரிசையைச் சேர்ந்தது. ஸ்டார்லட் இலங்கையில் ஏராளம். எனவே இயந்திரத்துக்கான உதிரிப்பாகங்களில் பெரும்பகுதியை வவுனியாவிலேயே தேடிப் பிடிக்கலாம், இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் போட்டு எடுக்கலாம். பழக்கப்பட்ட இயந்திரம் என்பதால் கிளிநொச்சியிலுள்ள எந்த பாஸும் அதைத் திறக்கப் பயப்பட மாட்டார்.

இயந்திரத்துக்கு இப்படி வழி இருந்தாலும் கதவு, கண்ணாடி, முன் விளக்கு ஆகியன அந்தக் காருக்கே உரியவை. அவை உடைந்தால் தேடித் திரிய வேண்டும். பழைய கார்களை இறக்குமதி செய்ய வயதுக் கட்டுப்பாடு இருப்பதால், தீவுக்குள் ஏற்கனவே இருக்கும் கார்கள்தான் இருக்கின்றன. ஆகவே இயந்திரம் சற்றுப் பழுதாக இருந்தாலும் பரவாயில்லை, பொடியும் கண்ணாடிகளும் முழுமையாக இருக்கும் காரையே தெரிவுசெய்ய வேண்டும்.

வன்னியில் கவனிக்க வேண்டியவை

முதலில் தண்ணீர். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின் வெள்ளம் நாடு முழுவதையும் உலுக்கியது. தாழ்ந்த கார் வெள்ளத்தில் முதலில் நனையும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். மேலதிகச் சக்கரம் இருக்கும் குழியில் துரு உண்டா என்று பாருங்கள். கடலோரத்தில் நின்ற காரென்றால் அடிப்பக்கத்தை உயர்த்திப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

இரண்டாவது சூடும் தூசியும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓடிய காரின் உட்புறம் அரித்திருக்கும். உட்கிராம வீதிகளின் செம்மண் தூசி எயார் பில்டரை விரைவில் அடைத்துவிடும். 1990களின் ஆரம்பத்துக் காரென்றால் குளிரூட்டியில் பழைய வாயு பாவிக்கப்பட்டிருக்கலாம். அந்த வாயு ஓசோன் படலத்தைப் பாதுகாக்கும் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் கைவிடப்பட்டுவிட்டது. புதிய முறைக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையென்றால், மாற்றப்படவே இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் புத்தி.

மூன்றாவது ஆவணங்கள். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்துடன் ஒத்துப்போக வேண்டும். 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது நீக்கப்பட்டிருக்க வேண்டும். யுத்த காலத்தில் கைவிடப்பட்டு ஆவணங்கள் தொலைந்த வாகனங்கள் பல இருந்த பிரதேசம் இது என்பதால் இரட்டிப்புக் கவனம் தேவை. வாங்கியவுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

"பேப்பர்தானே, பிறகு பார்க்கலாம்" என்பவர்களுக்கு 2022 நல்ல பதில் சொன்னது. அவ்வருடம் ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது வாகன இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பதிந்துதான் எரிபொருள் பெற வேண்டியிருந்தது. ஆவணம் ஒழுங்கில்லாத வாகனம் அன்று வீட்டு வாசலில் நிற்கும் இரும்புதான்.

வன்னிக்கு எரிபொருள் நெருக்கடி புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய பூமி இது. அன்றைய காபரேட்டர் எஞ்சின் அதைச் சகித்துக்கொண்டது. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சினிடம் அந்த விளையாட்டு செல்லாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

நண்பர் இந்தக் காரை மாதம் சுமார் 400 கிலோமீற்றர் ஓட்டுகிறார். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்று வைத்தால் 33 லீற்றர். 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டது. அந்த மோசமான விலையிலும் மாதம் 15,510 ரூபாதான் வரும். கியூ.ஆர். முறை ஆரம்பித்தபோது கார் ஒன்றுக்குக் கிடைத்த வாரம் 20 லீற்றருக்குள்ளும் இது அடங்கிவிடும். பொழுதுபோக்குக்கான வாகனத்தை இப்படிக் கெட்ட காலத்தின் கணக்கில் வைத்துத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இனிக் கடன். உதாரணத்துக்கு, 20 இலட்சம் ரூபாவை 5 வருடத்துக்கு மாதம் 52,000 ரூபா தவணையில் எடுத்தால் முடிவில் கட்டியிருப்பது 31 இலட்சத்து 20 ஆயிரம். உழைக்கும் லொறி அந்த மேலதிகத்தைத் தானே தேடித் தரலாம். இரண்டு கதவுக் கார் ஒரு சதமும் தேடித் தராது. வட்டியைத் தவிர்க்க விரும்பும் வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வட்டியைப் பற்றி யோசிக்காதவர்களுக்கும் கணக்கு இதேதான். தவணை தவறி வாகனம் 'சீஸ்' ஆகும் நாளில், அதுவரை கட்டிய பணத்தோடு ஊரில் இருந்த மதிப்பும் போய்விடுகிறது.

எனது ஆலோசனை இது: இதற்கென ஒதுக்கிய பணம் 100 ரூபா என்றால், 70 ரூபாவுக்கு மேல் காருக்குக் கொடுக்க வேண்டாம். மீதி 30 ரூபா டயர், பெல்ட், பிரேக், புஷ், காப்புறுதி, பெயர் மாற்றம் என்று முதல் வருடத்திலேயே போய்விடும். கடையின் முதலில் கை வைக்க நேர்ந்தால், இன்னும் ஒரு வருடம் பொறுத்திருங்கள்.

சந்தோஷம் எங்கே?

இவ்வளவு கணக்குக்கும் பின் மிஞ்சுவது என்ன? போன வாரம் நண்பரோடு மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை சென்றேன். சுமார் 50 கிலோமீற்றர். நகருக்கு வெளியே கார்களுக்கான வேக எல்லை 70. அதற்கு மேல் போக மாடுகளும் விடாது, பொலிஸாரும் விடமாட்டார்கள். ஆனால் தரையோடு ஒட்டிய ஆசனத்தில், கையால் கியர் மாற்றிக்கொண்டு போகும்போது 60 கூட வேகமாகத்தான் தெரிகிறது. வளைவில் கார் சாயாமல் திரும்புகிறது. பட்டா லொறியில் நாள் முழுவதும் சீமெந்து ஏற்றிய மனிதர் சிறுபிள்ளை போலச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

வட்டுவாகல் பாலத்தடியில் நிறுத்தி நந்திக்கடலைப் பார்த்தபடி பிளேன்டீ குடித்தோம். "அந்தச் செலிக்காவை வாங்கியிருந்தால்?" என்று கேட்டேன்.

"வாங்கியிருந்தா ஒவ்வொரு செக்பொயின்டிலயும் நெஞ்சு அடிச்சிருக்கும். இது சாயம் போன காருதான். ஆனா புத்தகத்தில என்ட பேரு இருக்கு" என்றார்.

மலிவான கார் என்பது குறைந்த விலைக்கு வாங்கிய கார் அல்ல. இரவில் நிம்மதியாகத் தூங்க விடும் காரே மலிவான கார்.