உயிரின் எழுத்து – 14: அறுபது கோடித் துண்டுகள்

டி.என்.ஏ.வை இயந்திரம் எப்படிப் படிக்கிறது என்பதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். படித்து முடித்ததும் கையில் கிடைப்பது கிழித்துப்போட்ட புத்தகம்தான். மனித மரபணுத்தொகையில் சுமார் 300 கோடி எழுத்துகள். வாசிப்புப் பிழை எது, உண்மையான மாற்றம் எது என்று பிரித்தறிய ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 30 முறை படிக்கிறார்கள். பரவலாகப் புழங்கும் இல்லுமினா வகை இயந்திரம் ஒரு துண்டில் 150 எழுத்து படிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 9,000 கோடி எழுத்துகள், 60 கோடித் துண்டுகள். ஒவ்வொரு துண்டையும், ஒப்பிடுவதற்காக ஏற்கெனவே படித்து வைத்திருக்கும் மாதிரித் தொகையில் அதற்குரிய இடம் தேடிப் பொருத்த வேண்டும். பிறகு எங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சர்வர் ஒன்றுக்கு இது ஒரு நாளுக்கும் மேலான வேலையாக இருந்தது. வீடியோ கேம் காட்சிகளை வரைவதற்காகப் பிறந்த ஜி.பி.யு. அதை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆராய்ச்சியாளர் காத்திருக்கும் நேரம் குறைந்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும்போதே சிகிச்சையைத் தீர்மானிக்கும் சோதனையாக மரபணுச் சோதனை மாறத் தொடங்கியிருக்கிறதே, அதற்காகவே ஜி.பி.யு.வுக்கு ஆகும் செலவு தகும் என்கிறேன்.

இந்த வேலைக்கு ஜி.பி.யு. ஏன் இவ்வளவு பொருந்துகிறது? இரண்டு எழுத்துத் தொடர்களைப் பொருத்திப் பார்க்க 1981இல் டெம்பிள் ஸ்மித்தும் மைக்கேல் வாட்டர்மேனும் வகுத்த முறையைக் கட்டம் போட்ட தாளிலேயே செய்து பார்க்கலாம். மேலே ஒரு தொடரின் எழுத்துகள், இடது ஓரத்தில் இன்னொன்றின் எழுத்துகள். கட்டத்துக்கு ஒரு மதிப்பெண்: எழுத்து ஒத்துப்போனால் கூட்டு, மாறினால் கழி, ஓர் எழுத்தைத் தாண்ட நேர்ந்தாலும் கழி, பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் பூஜ்யமே போடு. ஒரு கட்டத்தை நிரப்ப அதற்கு இடப்பக்கம், மேலே, இடது மேல் மூலை ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். இப்போது தாளை மூலைவாட்டில் பாருங்கள். வலது மேலிருந்து இடது கீழாக இறங்கும் கோட்டில் உள்ள கட்டங்கள் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதே இல்லை. முந்தைய இரண்டு கோடுகள் நிரம்பிவிட்டால் அடுத்த கோடு முழுவதையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடலாம். அதுபோலவே 60 கோடித் துண்டுகளில் எதுவும் இன்னொன்றின் விடைக்காகக் காத்திருப்பதில்லை. சி.பி.யு.வில் இருப்பவை எந்த வேலையையும் செய்யத் தெரிந்த சில பத்துக் கோர்கள். என்விடியா 2017இல் அறிமுகப்படுத்திய வி100 ஜி.பி.யு.வில் எளிய கணக்கை மட்டும் வேகமாகப் போடும் கோர்கள் 5,120. ஜி.பி.யு.வுக்குப் பொதுவான நிரல் எழுத வழிசெய்த குடா 2007இல் வந்தது. அதே ஆண்டிலேயே மம்மர்ஜி.பி.யு. என்ற மரபணு மென்பொருளும் வந்துவிட்டது.

எல்லாமே இப்படி வளைந்துகொடுத்திருந்தால் பத்தாண்டுக்கும் மேல் உழைக்க வேண்டியிருந்திருக்காது. ஜி.பி.யு.வில் 32 இழைகள் ஓர் அணியாக, ஒரே கட்டளைக்கு ஒன்றாக அடியெடுத்து வைக்கின்றன. ஒரு துண்டுக்கு இடம் உடனே கிடைத்து, பக்கத்துத் துண்டு ஆயிரம் இடங்களில் பொருந்துவதுபோல் தோன்றினால், முடித்தவை சும்மா நிற்கும். துண்டின் இடத்தை முதலில் குத்துமதிப்பாகத் தேடும் படியோ நினைவகத்தில் அங்கும் இங்கும் தாவுவது, ஜி.பி.யு.வுக்கு அது பிடிக்காத வேலை. பெங்களூரு இன்டெல் ஆய்வகத்தினர் முக்கியப் பங்காற்றி 2019இல் வெளியிட்ட பி.டபிள்யூ.ஏ.-மெம்2, சி.பி.யு.விலேயே பொருத்தும் வேலையை மூன்று மடங்கு வரை விரைவாக்கியது. ஆகவே, நல்ல நிரல் எழுதினால் பழைய இயந்திரமே போதும் என்ற ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. வாரத்துக்கு நாலைந்து மாதிரிகள் மட்டும் வந்து, அவசரமும் இல்லாத ஆய்வகத்துக்கு அதுவே போதும்.

அவசரம் வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஸ்டான்ஃபோர்டில் யுவான் ஆஷ்லி தலைமையிலான குழு கடுமையாக நோயுற்ற 12 பேரின் மரபணுத்தொகையைப் படித்து, 2022 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. ஒருவருடைய தொகையைப் படித்து முடிக்க 5 மணி 2 நிமிடம். மிக விரைவாகக் கிடைத்த நோயறிதலுக்கு 7 மணி 18 நிமிடம். அவர்கள் பயன்படுத்தியது நானோபோர் முறை. நுண்துளை வழியாக டி.என்.ஏ. இழை நகர்கையில் மின்னோட்டம் ஏறி இறங்குவதை அது பதிவு செய்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எழுத்தாக மாற்றுவது நியூரல் நெட்வொர்க், அதை இயக்குவது ஜி.பி.யு. அந்த நுண்துளைகளைக் கொண்ட 48 ஃப்ளோ செல்களை ஒரே நேரத்தில் ஓட்டியதும் தரவு வெள்ளம் ஆய்வகக் கணினிகளின் திறனை மீறிப் போனது. ஸ்னேகா கோயங்கா என்ற ஆய்வு மாணவி தரவை நேராக கிளவுடுக்குத் திருப்பும் வழியை அமைத்தார். படிக்கும் வேலை முடியுமுன்பே மறுபக்கம் எழுத்தாக்கமும் பொருத்தமும் நடந்தன. ஜி.பி.யு. வாங்கி வைத்துவிட்டால் வேகம் வந்துவிடாது, அதைச் சுற்றியுள்ள பாதை முழுவதையும் மாற்றிப்போட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

விடை துல்லியமாக இருக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஜி.பி.யு.வில் தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் சற்று மாறும். விளிம்பில் நிற்கும் ஒரு மரபணு மாற்றம் அதனால் பட்டியலில் சேரலாம், விடுபடவும் கூடும். இதற்கு உரைகல் இருக்கிறது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், விடை தெரிந்த மனித டி.என்.ஏ.வை 2015இலிருந்து ஒப்பீட்டுக்குத் தருகிறது. எந்த மென்பொருளையும் அதில் உரசிப் பார்க்கலாம். என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று: குடா என்விடியா என்ற ஒரே நிறுவனத்தின் சொத்து. சான் டியாகோவின் ராடி குழந்தைகள் மருத்துவமனை தன் அவசரச் சோதனைகளுக்கு வேலைக்கேற்ப மின்சுற்றை மாற்றியமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சிப்பில் ஓடும் டிராகன் மென்பொருளைப் பயன்படுத்தியது. மாற்று வழி இருக்கிறது; ஆனால் அதுவும் இல்லுமினாவின் சொத்து. அரசுப் பணத்தில் எழுதும் நிரல்களாவது எந்த ஜி.பி.யு.விலும் ஓடும்படி இருக்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டின் 12 பேரில் விடை கிடைத்தது 5 பேருக்குத்தான், அப்புறம் வேகத்தால் என்ன பயன் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கண்டுபிடித்த மாற்றம் நோயைத் தருவதா என்று தீர்மானிக்க, அதே மாற்றம் ஆரோக்கியமானவர்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதுவும் நோயாளியின் சொந்த மக்கள்கூட்டத்தில். ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியர்களின் தொகையைப் படித்தது இதனால்தான் மதிப்புள்ளது. விடுபட்டிருந்த பகுதிகளையும் நிரப்பிய முழு மனிதத் தொகை 2022இல் வெளியானபோது ஏறக்குறைய 20 கோடி எழுத்துகள் புதிதாகச் சேர்ந்தன. இப்படி மாதிரித் தொகை மாறினால், அந்த 10,000 பேரில் ஒவ்வொருவரின் துண்டுகளையும் மறுபடி பொருத்த வேண்டும். ஆளுக்கு ஒரு நாள் என்றால் ஒரே சர்வருக்கு 27 ஆண்டு வேலை. ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 417 நாளில் முடிந்துவிடும்.