கிரயப் பத்திரத் தமிழும் அதன் வாசகரும்

தமிழில் எழுதப்படும் வணிக, சட்ட ஆவணங்களுள் சிற்றூர் மக்களின் வாழ்வோடு மிகுதியும் பிணைந்தது கிரயப் பத்திரமாகும். அதன் நடையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சொற்களோடு நின்றுவிடுகிறது. 'தபசில்' அரபு வழி வந்தது, 'கிரயம்' வடமொழி. இவற்றுக்கு ஈடாகத் தமிழ்ச் சொற்களை இட்டால் ஆவணம் தெளிவுறும் என்பர். இக்கருத்து பாதியளவே பொருந்தும். 'தபசில்' என்பதைச் 'சொத்து விவரம்' என மாற்றிய பின்னும், அவ்விவரம் குறைபட்டிருப்பின் பத்திரம் தெளிவற்றதே.

விற்பவரும் வாங்குபவரும் நிலத்தை நேரில் அறிந்தவர்கள். முப்பது ஆண்டுகள் கழித்துப் பத்திரத்தைப் பிரிக்கும் வாரிசு, நில அளவர், வங்கியின் வழக்கறிஞர் ஆகியோரே அதன் மெய்யான வாசகர். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, சொத்தை இனங்காணப் போதுமான விவரம் வேண்டும் என்பது இவர்களுக்கே பயன்படுகிறது.

திருவண்ணாமலை மாவட்டக் கீழ்பென்னாத்தூர் போன்ற கிணற்றுப் பாசனப் பகுதிகளில் இதன் அருமை விளங்கும். கிணறு ஒருவர் நிலத்தில் இருக்க, பங்கு பலருக்கு இருப்பதுண்டு. 'கிணற்றில் நாலில் ஒரு பாகமும் மாமூல் வண்டிப்பாதை பாத்தியமும் உட்பட' என்று பத்திரம் முடிந்துவிட்டால், கிணறு எந்தப் புல எண்ணில் உள்ளது, பாதை எந்த வரப்பை ஒட்டியது, அகலம் எத்தனை அடி, நீர் இறைக்கும் முறை யாது என்பன தெரியா. எழுதிய நாளில் ஊரறிந்தவை என்பதால் விடுபட்ட இவையே பின்னாளில் வழக்காகின்றன.

நான்கெல்லையும் அவ்வாறே. 'கிழக்கே இன்னார் நிலம்' என்னும் குறிப்பு, அந்த இன்னார் நிலத்தை விற்றதும் வலுவிழக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை எனத் திசை முறையில் வாய்க்காலையும் வழியையும் சுட்டிச் செல்வதுண்டு. ஆள்பெயரை விட வாய்க்கால் நெடுங்காலம் நிலைக்கும். இன்று புல எண் துணைநின்றாலும் உட்பிரிவு மாறக்கூடும். பத்திரம் ஏக்கர், சென்ட் எனவும் பட்டா ஹெக்டேர், ஏர் எனவும் பேசுவது மற்றொரு இடர். 1 ஏக்கர் ஏறத்தாழ 40.47 ஏர் ஆதலின் இரண்டையும் தருதல் நன்று.

'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என நீளும் தொடர்கள் கேலிக்குள்ளாகும் அளவுக்குத் தீங்கு செய்வதில்லை. பழகியோர் அவற்றைக் கடந்துவிடுவர். பக்கக் கணக்கில் உரிமைமொழி, இரண்டு வரியில் சொத்து விவரம் என்னும் விகிதமே பிழை. நிலத்தைப் பார்த்திராத ஒருவரிடம் அவ்விவரத்தை மட்டும் கொடுத்து, புலப்படத்தில் கிணற்றையும் பாதையையும் குறிக்கச் சொல்லிப் பார்க்கலாம். அவர் தயங்கும் இடத்தில் ஓர் எண்ணோ அளவோ விடுபட்டிருக்கும்.