காய்ச்சல் விட்ட அன்று கையைப் பிடித்துப் பாருங்கள்

ஜொகூர் பாரு – "நோயாளி ஷாக்கில் இருக்கிறார்" என்று வார்டில் தாதி சொன்னதும், "அப்படி என்ன கெட்ட சேதி கேட்டார்?" என்று உறவினர் திகைப்பது உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 'அதிர்ச்சியில் மயங்கி விழுந்தார்' என்று நாளிதழ்களே எழுதி எழுதிப் பழக்கிவிட்டன.

மருத்துவத்தில் ஷாக் என்பது மனத்தைப் பற்றியது அல்ல. மூளை, சிறுநீரகம், ஈரல் போன்ற உறுப்புகளுக்குப் போதிய இரத்த ஓட்டம் கிடைக்காமல் போகும் நிலை அது. சில மணி நேரம் கவனிக்காமல் விட்டால் உயிரையே பறித்துவிடும். அந்த நிலை வரக் காரணங்கள் பல. ஜொகூரில் தோட்டத்திலும் சரி, தாமானிலும் சரி, குடும்பங்கள் அதிகம் ஏமாந்துபோவது டிங்கி ஷாக்கில்தான்.

டிங்கியில் காய்ச்சல் கொதிக்கும்போது எல்லோரும் பயப்படுகிறார்கள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ உடல் குளிர்ந்ததும், "காய்ச்சல் விட்டாச்சு, நாளைக்கு வேலைக்குப் போகலாம்" என்கிறார்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கலாம். இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் இறங்கிவிடும். வெளியே ஒரு சொட்டு இரத்தம்கூடத் தெரியாது. குழாய்க்குள் மிஞ்சும் இரத்தம் குறைந்து, கெட்டியாகிவிடும்.

பலரும் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் கேட்டு, பப்பாளி இலைக்கு அலைகிறார்கள். தாதியர் அதோடு இரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். டிங்கி ஷாக்கில் முதலில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் இந்தக் கசிவுதான்.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. ஷாக்கின் தொடக்கத்தில் நோயாளி தெளிவாகப் பேசுவார். இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் 100 என்று சரியாகவே காட்டும். ஆனால் கீழ் எண் 85 ஆக ஏறியிருக்கும். இரண்டுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே வந்தால் அது ஷாக். மேல் எண் சரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

அதனால்தான் சுகாதார அமைச்சின் டிங்கி சிகிச்சை வழிகாட்டி, இயந்திரத்தை மட்டும் நம்பாமல் நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறது. இதற்கு 'சிசிடிவி-ஆர்' என்று பெயர். கேமரா அல்ல, ஐந்து சோதனைகளின் சுருக்கம்: தோலின் நிறம், நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, கை சூடா குளிரா, நாடி பலமா, நாடி வேகமா. அரை நிமிட வேலைதான். கை சில்லிட்டு, நாடி மெலிந்து வேகமாக ஓடினால், தாதி உடனே டாக்டரை அழைத்துவிடுவார்.

வீட்டில் இருப்பவர்களும் கையைத் தொட்டுப் பார்க்கலாம். காய்ச்சல் விட்ட பிறகு கைகால் சில்லிடுதல், விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், எழ முடியாத சோர்வு, நான்கைந்து மணி நேரமாகச் சிறுநீர் போகாதது – இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு என்று பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும் போதும். உடல்வலிக்கு விற்கும் மற்ற மாத்திரைகள், ஆஸ்பிரின் உட்பட, இரத்தக் கசிவை மோசமாக்கும்.

கிருமி இரத்தத்தில் பரவி வரும் ஷாக் வேறு மாதிரி. அதில் தொடக்கத்தில் கை சூடாகவே இருக்கலாம். தொட்டுப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடக்கூடாது. மூச்சு வாங்குவதும் பேச்சு குழறுவதும் அதன் அடையாளங்கள். ஆறாத கால்புண்ணோடு இருக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கு இது எளிதில் வரும். கென்சிங் திக்குஸ் எனப்படும் எலி சிறுநீர் நோயும் இப்படி முற்றலாம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கிய வெள்ளத்துக்குப் பின் ஜொகூரில் இந்த நோய் தலைகாட்டியது. வெள்ளநீரில் நடந்தவரும் செம்பனைக் காட்டில் வேலை செய்பவரும் காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனால், அந்த விவரத்தைத் தாமாகவே சொல்லிவிட வேண்டும்.

குளவி கொட்டியோ, மருந்து ஒத்துக்கொள்ளாமலோ வரும் ஷாக் நிமிடக் கணக்கில் முற்றும். தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் இதற்கு முதல் மருந்து. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு திணறினால் உட்கார வைக்கலாம். "எழுந்து நட, சரியாகிவிடும்" என்று கிளப்பினால், நின்ற இடத்திலேயே இதயம் நின்றுபோகக்கூடும்.

மோட்டார்சைக்கிள் விபத்தில் இரத்தம் போய் வருவது எல்லோருக்கும் தெரிந்த ஷாக். சுத்தமான துணியால் காயத்தை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மாரடைப்பில் இதயம் பம்ப் செய்ய முடியாமல் வரும் ஷாக் இதற்கு நேர்மாறு. இரத்தம் போனவரைக் காப்பாற்றும் டிரிப், இங்கே நுரையீரலை நீரால் நிரப்பிவிடலாம். டிங்கியிலும் அளவு மீறிய டிரிப் ஆபத்துதான். கசிவு நின்றதும் வெளியே போன நீர் தானாகவே குழாய்க்குள் திரும்பும். "எங்கப்பாவுக்கு ஏன் இன்னொரு பாட்டில் ஏத்தல, மிசி?" என்று வார்டில் எழும் சண்டைக்குப் பின்னால் பல நேரம் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

கிளினிக்கில் டிங்கி கண்காணிப்பு அட்டை கொடுத்திருந்தால், மருத்துவமனைக்குப் போகும்போது அதையும் கையோடு கொண்டுபோக வேண்டும். காய்ச்சல் தொடங்கிய நாளும் முந்தைய இரத்தப் பரிசோதனை எண்களும் அதில் இருக்கும். அவசர எண் 999.