உதிராத கதிர்

சாலையோரத்தில் முற்றி நிற்கும் புல்லை எப்போதாவது உருவிப் பார்த்திருக்கிறீர்களா? பல புற்களில் விரல் பட்டவுடனே விதைகள் பொலபொலவென்று கொட்டிவிடும். ஆனால் நெற்கதிர் அப்படியல்ல. அதை அறுத்து, கட்டாகக் கட்டி, தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுவந்து அடித்தால்தான் மணி உதிர்கிறது. நெல்லும் கோதுமையும் புல் இனத்தைச் சேர்ந்தவைதாமே! பின் ஏன் இந்த வேறுபாடு? மனிதன் உழவனான கதை முழுவதும் இந்தச் சிறிய கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

வேட்டையாடியவன் பட்டினி கிடந்தானா?

நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பயிர்த்தொழில் தொடங்கியதோ சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன்புதான். மனித வரலாற்றை ஒரு நாளாகச் சுருக்கினால், உழவு வந்தது கடைசி ஒரு மணி நேரத்துக்குள்ளேதான்! அதுவரை மனிதன் வேட்டையாடியும், மீன் பிடித்தும், கனி, கிழங்கு, விதைகளைத் திரட்டியும் வாழ்ந்தான்.

அவன் எந்நேரமும் பசியோடு அலைந்தான் என்று எண்ணிவிடாதீர்கள். 1966ஆம் ஆண்டில் ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கத் தாவர அறிஞர் தென்கிழக்குத் துருக்கியின் மலைச்சரிவுகளில் ஒரு சோதனை செய்தார். அங்கு காட்டுக் கோதுமை இன்றும் தானாகவே வளர்கிறது. ஆதி மனிதனைப் போலவே, சிக்கிமுக்கிக் கல்லின் சில்லுகள் பதித்த அரிவாளால் அதை அறுத்தார். ஒரு மணி நேர உழைப்பில் ஏறத்தாழ 1 கிலோ சுத்தமான தானியம் கிடைத்தது! ஒரு குடும்பம் மூன்று வாரம் பாடுபட்டால், ஓராண்டில் தின்று தீர்க்க முடியாத அளவு சேர்த்துவிடலாம் என்று அவர் கணக்கிட்டார்.

அப்படியானால் மனிதன் ஏன் உழவனானான்? அதற்கு முன் கோதுமையிடம் நேர்ந்த மாற்றத்தைப் பார்ப்போம்.

அரிவாள் செய்த தேர்வு

காட்டுக் கோதுமைக் கதிரின் நடுத்தண்டு, மணி முற்றியதும் கணுக்கணுவாக ஒடிந்துவிடும். மணிகள் மண்ணில் விழுந்து அடுத்த மழையில் முளைக்கும். செடியின் வாழ்வுக்கு இது இன்றியமையாதது. ஆயினும் மரபுப் பண்பில் ஏற்படும் திடீர் மாற்றத்தால், எப்போதாவது ஒரு செடியில் நடுத்தண்டு ஒடியாமல் நின்றுவிடும். காட்டில் அது ஒரு குறைதான். மணிகள் மண் சேராமல் கதிரிலேயே நிற்பதால் அதன் வமிசம் பெருகுவதில்லை.

அங்கே அரிவாளோடு மனிதன் வந்தான். அவன் கை பட்டதும் உதிரும் கதிர்கள் உதிர்ந்தன. உதிராத கதிர்களே வீடு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒரு பங்கை மறு ஆண்டு விதைத்தான். இப்படித் தலைமுறை தலைமுறையாக நடக்கவே, காட்டில் குறையாக இருந்தது வயலில் நிறைவாயிற்று. இதற்குத் திட்டம் போட்டவர் எவருமில்லை!

இம்மாற்றம் 200 ஆண்டுகளுக்குள் முடிந்திருக்கலாம் என்று ஒரு காலத்தில் கணக்கிட்டனர். ஆனால் பழைய குடியிருப்புகளில் கிடைத்த கருகிய கதிர்த்துண்டுகளை ஆராய்ந்தபோது, 1,000 ஆண்டுகளுக்கும் மேலாகியிருப்பது தெரியவந்தது. கதிர் முழுதும் முற்றுவதற்கு முன்பே பச்சையாக அறுத்ததும், தரையில் உதிர்ந்ததைப் பொறுக்கியதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

எலும்புகள் சொல்லும் கதை

சிரியா நாட்டில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரேரா என்னும் மண்மேடு இருந்தது. ஆற்றின் குறுக்கே அணை எழும்பிக்கொண்டிருந்ததால், 1972, 1973ஆம் ஆண்டுகளில் அதை அவசரமாக அகழ்ந்தார்கள். இன்று அவ்விடம் நீருக்கடியில் இருக்கிறது. அங்கு தோண்டிய மண்ணை நீரில் கரைத்தபோது, கருகிய விதைகள் மேலே மிதந்து வந்தன!

முதலில் அங்கு வாழ்ந்தவர்கள் சிறுமான்களை வேட்டையாடியவர்கள். 100க்கு மேற்பட்ட காட்டுச் செடிகளை உணவுக்குப் பயன்படுத்தியவர்கள். அதே இடத்தில் பின்னர் உழவர்களின் பெரிய கிராமம் எழுந்தது. இந்த உழவர்களின் எலும்புகளை தேயா மோல்சன் என்ற ஆராய்ச்சியாளர் சோதித்தார். பலருடைய கால் பெருவிரல், முழங்கால், முதுகெலும்பு ஆகியவை தேய்ந்து உருமாறியிருந்தன. நம் அம்மி போன்ற கல்லின் முன்னால் மண்டியிட்டு, நாள்தோறும் பல மணி நேரம் தானியம் அரைத்ததன் விளைவு அது. அந்த எலும்புகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. மாவில் கலந்த கல்துகளால் பற்களும் தேய்ந்திருந்தன.

ஏன் திரும்பவில்லை?

இவ்வளவு துன்பம் இருந்தும் அவர்கள் மீண்டும் காட்டுக்குப் போகாதது ஏன்? சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கடுங்குளிரும் வறட்சியும் 1,000 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தன. அதற்குப்பின் பருவநிலை சீரடைந்து, பயிர் செய்ய ஏற்றதாயிற்று. ஓரிடத்தில் தங்கியதால், குழந்தையைச் சுமந்து அலையும் தேவை தாய்மார்களுக்குக் குறைந்தது. தானியக் கஞ்சி கொடுத்துத் தாய்ப்பாலை முன்னதாகவே நிறுத்தவும் முடிந்தது. ஆகவே பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்தனர். வாய்கள் பெருகியதும் வயலும் பெருக வேண்டியதாயிற்று. காடு மட்டும் அத்தனை பேருக்கும் சோறு போட முடியாது. வந்த வழி அடைபட்டுவிட்டது!

சீனத்தில் நெல்லும் தினையும், மெக்சிகோவில் மக்காச்சோளமும், ஆண்டிஸ் மலைகளில் உருளைக்கிழங்கும் தனித்தனியே வீட்டுப் பயிராயின. இன்று 800 கோடிக்கு மேற்பட்ட மக்கள் இந்தப் பயிர்களை நம்பி வாழ்கிறோம். உதிராத கதிரோ தன் விதையைத் தானே பரப்ப இயலாமல் நம்மை நம்பி நிற்கிறது.

மனிதன் பயிரைப் பழக்கினானா, பயிர் மனிதனைப் பழக்கியதா? அறுவடைக் காலத்தில் ஒரு நெற்கதிரையும் ஒரு புற்கதிரையும் இரு கைகளில் எடுத்து உதறிப் பாருங்கள். விடையை நீங்களே சிந்தியுங்கள்.