பாய்ப்படகுப் பந்தயத் தொண்டர்

நாஞ்சில் நாட்டுக் கடற்கரை மக்கள் காற்றுக்குப் பெயரிட்டு வழங்குபவர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை; கிழக்கிலிருந்து வருவது கொண்டல்; மேற்கிலிருந்து வருவது கச்சான். பாய் விரித்துக் கட்டுமரம் செலுத்திய முன்னோர்க்குக் காற்றை அறிதல் உயிரைக் காத்தலாகும். இயந்திரம் பூட்டிய படகுகள் பெருகிய இந்நாளில் கடலில் பாயைக் காண்பது அரிதாயிற்று. ஆயினும் காற்றைக் கொண்டு படகு செலுத்தும் கலை அழிந்துவிடவில்லை; விளையாட்டாக வளர்ந்து வருகின்றது.

நம் மாநிலத்தில் அவ்விளையாட்டுக்குரிய பழைய இடம் சென்னைத் துறைமுகம். துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவர் 1911ஆம் ஆண்டில் அங்கே ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்னும் பாய்ப்படகுக் கழகத்தை நிறுவினார். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்று, பாய்ப்படகுப் போட்டியில் அப்பேறு பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார். அவர் பெயரை நாளிதழ்கள் எழுதின. பந்தயங்களில் கொடி ஏற்றி இறக்கும் தொண்டர் பெயரை எவரும் எழுதுவதில்லை. ஆனால், அத்தொண்டர் இல்லையேல் பந்தயமே இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். கால்பந்துக்குத் திடல் உண்டு; ஓட்டத்திற்குத் தடம் உண்டு. கடலிலோ ஒவ்வொரு நாளும் திடலைப் புதிதாக அமைத்தல் வேண்டும். பாய்ப்படகு காற்றை நேரே எதிர்த்துச் செல்ல இயலாது. இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்தே முன்னேறும். அங்கேதான் செலுத்துவோரின் திறமை விளங்கும். ஆதலால் பந்தயத்தின் முதற் பகுதி காற்றை நோக்கியே அமைகின்றது. தொண்டர்கள் முன்னதாகவே சென்று, திசைகாட்டியால் காற்றின் போக்கை அளந்து, நங்கூரமிட்டு மிதவைகளை நிறுத்துவர். நடுவர் படகின் கொடிமரத்திற்கும் ஒரு மிதவைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று உண்டு. அதுவே புறப்படும் எல்லை. அது காற்றுக்குக் குறுக்காக அமையாது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், அப்பக்கம் நிற்கும் படகுகள் உழைக்காமலே முந்திவிடும். காற்றுத் திரும்பினாலோ, போட்ட நங்கூரங்களைத் தூக்கி மீண்டும் போடவேண்டும். நண்பகல் வெயிலில் நனைந்த கயிற்றை இழுத்தவர்க்கே அதன் பளு தெரியும்!

பாய்ப்படகைக் குதிரைபோல் ஓரிடத்தில் கட்டி நிறுத்த முடியாது. எனவே புறப்படும் நேரத்தைக் கொடிகளால் அறிவிக்கின்றனர். ஐந்து நிமிடம் இருக்கையில் முதற்கொடி ஏறும்; நான்கு நிமிடம் இருக்கையில் இரண்டாம் கொடி ஏறும்; ஒரு நிமிடம் இருக்கையில் இரண்டாம் கொடி இறங்கும்; குறித்த நொடியில் முதற்கொடியும் இறங்கப் பந்தயம் தொடங்கும். ஒவ்வொரு முறையும் ஊதொலி எழும். எனினும் கணக்கு கொடிக்கே, ஒலிக்கன்று. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்லும். தொலைவில் நிற்கும் படகுக்கு அது காலந்தாழ்ந்தே எட்டும். கொடியோ எல்லார்க்கும் ஒரே கணத்தில் தோன்றும். நடுநிலை என்பது இவ்வளவு நுட்பமானது.

அந்நேரத்தில் ஒருவர் நொடிகளை உரக்க எண்ணுவார். ஒருவர் கொடிக்கயிற்றைப் பிடித்திருப்பார். ஒருவர் எல்லைக்கோட்டின் மீதே கண் வைத்திருப்பார். எவரேனும் முன்னதாகக் கடந்துவிட்டால், வெள்ளை நிறத்தில் நீலச் சிலுவைக் குறியுள்ள கொடி உடனே ஏறும். கடந்தவர் திரும்பி வந்து மீண்டும் புறப்படவேண்டும். கடந்தது தம் மகனது படகாயினும் கோடு பார்ப்பவர் அதன் எண்ணைச் சொல்லியே ஆகவேண்டும். இப்பணியினும் கடினமானது பந்தயத்தில் வேறொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

15 வயதிற்குட்பட்ட சிறுவர் செலுத்தும் ஆப்டிமிஸ்ட் என்னும் சிறு படகு இரண்டேகால் மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமே உடையது. வன்காற்றில் எளிதிற் கவிழும். அருகிலேயே காவற்படகில் தொண்டர் காத்திருப்பர். கவிழ்ந்தால் முதலில் ஆளைக் காப்பர். படகை நிமிர்த்துவது பின்னரே. இவ்வேலைக்கு நீச்சலும் பயிற்சியும் வேண்டும். பாய்ப்படகு செலுத்த அறியாதாரும் செய்யத்தக்க பணி ஒன்று கரையில் உண்டு. கடலுக்குட் சென்ற படகுகளின் எண்களை எழுதி, அவை திரும்பத் திரும்பக் குறித்துக்கொள்ளுதலே அது. புதிதாகச் சேரும் மாணவர்க்கும் ஏற்ற பணியே இது.

இதனை எளிய வேலையென எண்ணற்க. 2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது, கடலில் இருப்போர் எத்தனை பேர் என்னும் கணக்கே பல நாள் தெளிவுபடவில்லை. கரையில் நின்ற தாயரும் மனைவியரும் கேட்ட கேள்விக்கு விடை சொல்வாரில்லை. ஆதலின் பந்தயம் முடிந்து, வென்றவர் பரிசு பெறும் வேளையிலும் பட்டியல் வைத்திருப்பவர் இடம்விட்டு அசையார். இறுதிப் படகு கரையேறி, அதன் எண்ணுக்கு நேரே கோடிட்ட பின்னரே ஏட்டை மூடுவார்.