உடலுக்கேற்ற கணினி மேசை

கணினியின்முன் நெடுநேரம் அமர்ந்திருப்போர் பலர் கழுத்து, தோள், மணிக்கட்டு ஆகியவற்றில் வலி கொண்டு துன்புறுகின்றனர். இவ்வலி பெரியவர்களுக்கு மட்டும் உரியதன்று. மாணவர்களையும் அது விட்டுவைப்பதில்லை. இதற்குக் காரணம் யாது? இதனைத் தடுப்பது எவ்வாறு?

வளர்ந்த மனிதரின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுடையது. கழுத்திலுள்ள 7 முள்ளெலும்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும் அதனைத் தாங்குகின்றன. தலை நிமிர்ந்திருக்கும்போது அதன் எடை எலும்புகளின்மீது நேராக இறங்குகிறது. தலை முன்னோக்கிக் குனிந்தால், அதனைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் வேலை தசைகளைச் சேர்கிறது. நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் அணைத்துச் சுமப்பது எளிது. அதனையே கையை நீட்டிப் பிடித்து நிற்பது அரிது. குனிந்த தலையின் நிலையும் அத்தகையதே. மேலும், நெடுநேரம் இறுகியிருக்கும் தசையில் குருதியோட்டம் குறைகிறது. அதனால் தசை களைத்து வலிக்கிறது.

வேலையையும் கருவியையும் மனித உடலுக்கேற்ப அமைக்கும் அறிவியல் துறைக்குப் 'பணிச்சூழலியல்' என்று பெயர். கிரேக்க மொழியில் 'எர்கோன்' என்பது வேலையையும், 'நோமோஸ்' என்பது விதியையும் குறிக்கும். இவ்விரு சொற்களையும் இணைத்து இத்துறைக்குரிய பெயரைப் போலந்து நாட்டு அறிஞர் யஸ்ட்ரெம்போவ்ஸ்கி 1857ஆம் ஆண்டில் வழங்கினார். மனிதர் கருவிக்கேற்ப வளைதல் வேண்டா. கருவியே மனிதருக்கேற்ப அமைதல் வேண்டும் என்பதே இத்துறையின் அடிப்படை.

மும்பை, தில்லி போன்ற பெருநகரங்களின் சிறிய வீடுகளில் உணவு மேசையே படிப்பு மேசையாகவும் கணினி மேசையாகவும் பயன்படுவதுண்டு. அதன் உயரம் பெரியவர்களுக்கென அமைந்தது. அதனைக் குறைக்க இயலாது. எனினும், நாம் அமரும் முறையை மாற்றலாம்.

முழங்கை: முதலில் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்க. தோள்களைத் தளர்த்தி அமரும்போது முழங்கையும் விசைப்பலகையும் ஒரே உயரத்தில் இருத்தல் வேண்டும். மேசை உயரமாக இருப்பின், நாற்காலியில் கெட்டியான மெத்தையை இட்டு அமர்க.

பாதம்: இருக்கை உயர்ந்தால் கால்கள் தொங்கும்; தொடையின் அடிப்பகுதி அழுந்தும். எனவே, பாதங்களுக்குக் கீழே சிறு மணையையோ, இறுகக் கட்டிய பழைய செய்தித்தாள் கட்டையோ வைக்க. முதுகு நாற்காலியின் சாய்மானத்தில் பொருந்தட்டும்.

மணிக்கட்டு: மணிக்கட்டினுள் குறுகிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியே செல்கின்றன. மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தால் அங்கு அழுத்தம் மிகும். விரல்கள் மரத்துப் போகவும் கூடும். ஆகவே, தட்டச்சு செய்யும்போது முன்கையும் புறங்கையும் நேராக இருக்கட்டும். சுட்டியை விசைப்பலகைக்கு அருகிலேயே வைக்க.

திரை: திரை ஒரு கை நீளத் தொலைவில், முகத்திற்கு நேராக இருத்தல் வேண்டும். அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ அமைதல் நன்று. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் இணைந்திருப்பதால், ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று தவறிவிடும். அதனைத் தடித்த நூல்களின்மீது உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகையும் சுட்டியும் பயன்படுத்துவதே தக்க வழி.

இவ்வாறெல்லாம் அமைத்தாலும், அசையாமல் அமர்ந்திருப்பது தீங்கே. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க. 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 விநாடிகள் நோக்குதல் கண்களுக்கு ஓய்வளிக்கும்.

வலி என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை. அதனைப் பொறுத்துக்கொள்வது திறமையன்று. வலியோ மரத்துப்போதலோ நீடித்தால் பெற்றோரிடம் கூறி, மருத்துவரை நாடுக.

செய்து பார்க்க: உம் வீட்டில் ஒருவர் கணினியில் பணிபுரியும்போது பக்கவாட்டில் நின்று நோக்குக. அவருடைய காது தோளுக்கு நேர்மேலே உள்ளதா? பாதங்கள் ஊன்றியுள்ளனவா? மணிக்கட்டு நேராக உள்ளதா? நீர் கண்டவற்றையும், செய்யத்தக்க மாற்றங்களையும் அவருக்குத் தமிழில் விளக்கிக் கூறுக. பின்னர், அவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.