பட்டறைக்கு ஏற்ற காலிப்பர்

பெங்களூருக்குப் பிழைப்பு நாடி வந்த தமிழர்களில் யந்திரத் தொழிலை நம்பிக் குடும்பத்தை நிலைநிறுத்தியோர் பலர். 1940-இல் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கான் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு ஜாலஹள்ளியில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் இந்நகரில் தோன்றின. பின்னர்ப் பீனியாவில் சிறு பட்டறைகள் பெருகின. இப்பட்டறைகளில் வேலைக்குச் சேரும் இளைஞன் தன் கைப்பொருளைக் கொண்டு முதன்முதலாக வாங்கும் கருவி பெரும்பாலும் காலிப்பரே ஆகும். அதில் எத்தகையதை வாங்குவது என்பது விலையை மட்டும் பொறுத்த வினா அன்று. தவறாக அளந்த தண்டு ஒன்று தள்ளுபடியானால் உலோகமும், யந்திரம் ஓடிய நேரமும், கடைந்தவனின் நற்பெயரும் ஒருங்கே வீணாகின்றன.

காலிப்பர் என்னும் பெயரால் பல கருவிகள் வழங்குகின்றன. இரண்டு வளைந்த கால்களை உடைய பழைய காலிப்பர் தானாக அளவைக் காட்டாது. பொருளின்மேல் பொருத்தி எடுத்த இடைவெளியை அளவுகோலின்மேல் வைத்துப் பார்த்தல் வேண்டும். உருட்டுக் கடைசலில் தோராயமாகப் பார்ப்பதற்கு அது இன்றும் பயன்படும். துல்லிய வேலைக்குப் போதாது.

அடுத்தது வெர்னியர் காலிப்பர். பியர் வெர்னியர் என்னும் பிரெஞ்சு நாட்டினர் 1631-இல் வெளியிட்ட தத்துவமே இதன் அடிப்படை. முதன்மை அளவுகோலின் 49 மில்லிமீட்டர் நீளத்தை நகரும் கோலில் 50 சம பாகங்களாகப் பிரித்தால், இரு கோல்களின் பாகங்களுக்கும் இடையே 0.02 மி.மீ. வேறுபாடு அமையும். இதுவே அக்கருவியின் மீச்சிற்றளவு. முதன்மைக் கோலில் 24 மி.மீ. கடந்து, நகரும் கோலின் 17-ஆவது கோடு மேற்கோட்டோடு நேர்பட்டு நின்றால், அளவு 24.34 மி.மீ. என அறியலாம். இக்கருவிக்கு மின்கலம் வேண்டுவதில்லை. எண்ணெயும் தூசும் இதனை எளிதில் கெடுப்பதில்லை. எனினும் நல்ல வெளிச்சமும் கூர்ந்த பார்வையும் வேண்டும். சாய்ந்து நின்று பார்த்தால் கோடு மாறித் தோன்றும்.

மூன்றாவதான டயல் காலிப்பரில் முள் அளவைக் காட்டும், படிப்பது எளிது. ஆனால் உள்ளிருக்கும் பற்சட்டத்தில் இரும்புத் துகள் ஒன்று சிக்கினாலும் முள் தாவிவிடும். நான்காவதான டிஜிட்டல் காலிப்பரோ எண்களையே காட்டும்; அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் ஒரு பொத்தானில் மாறும். குளிர்விக்கும் நீர் தெறிக்கும் இடத்தில் வேலை செய்வோர், நீர் புகாத உறுதி பெற்ற வகையையே தேர்ந்தெடுத்தல் நலம்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் அவசியம். டிஜிட்டல் காலிப்பர் 0.01 மி.மீ. வரை எண்ணைக் காட்டுகிறது. அதனால் அது 0.01 மி.மீ. வரை மெய்யாகவே அளக்கிறது என்று கொள்ளுதல் கூடாது. 150 மி.மீ. காலிப்பர் நல்லதாயினும் அதன் பிழை கூட்டியோ குறைத்தோ 0.02 மி.மீ. வரை இருப்பது வழக்கம். நுண்ணிய எண்ணைக் காட்டுதல் வேறு. உண்மையான அளவைக் காட்டுதல் வேறு.

இவ்வேறுபாடு நடைமுறையில் எங்ஙனம் தாக்குகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 25 மி.மீ. விட்டமுள்ள தண்டு ஒன்றைக் கடைய வேண்டும். வரைபடத்தில் அதற்கு 'எச்7' என்னும் சிறிய எழுத்துக் குறியீடு இடப்பட்டிருக்கிறது. அதன் பொருள், விட்டம் 25.000 மி.மீட்டருக்கு மேற்படலாகாது, 24.979-க்குக் குறையவும் ஆகாது என்பதாம். இடமுள்ளது 0.021 மி.மீ. மட்டுமே. தலைமயிர் ஒன்றின் தடிப்பே ஏறக்குறைய 0.05 முதல் 0.1 மி.மீ. வரை இருக்கும் என்றால், இதன் நுண்மையை உணரலாம். காலிப்பர் 24.98 என்று காட்டும்போது, உண்மை விட்டம் 24.96 ஆகவும் இருக்கலாம், 25.00 ஆகவும் இருக்கலாம். முன்னது தள்ளுபடி, பின்னது ஏற்புடையது. எது என்பதைக் கூற அக்கருவியால் இயலாது.

ஆகவே தொழிலறிந்தோர் ஒரு விதியைக் கைக்கொள்வர். அனுமதிக்கப்பட்ட இடைவெளியில் பத்தில் ஒரு பங்குக்குக் கருவியின் பிழை அடங்க வேண்டும். இயலாதபோது நான்கில் ஒரு பங்கையேனும் தாண்டலாகாது. இவ்விதிப்படி, 0.2 மி.மீ. இடமுள்ள வேலைக்குக் காலிப்பர் தயக்கமின்றிப் போதும். 0.1 மி.மீ. இடமுள்ள வேலையை மிகுந்த கவனத்தோடு செய்யலாம். அதனினும் குறுகினால் மைக்ரோமீட்டரை, அதாவது திருகு அளவியை நாடுவதே முறை.

மைக்ரோமீட்டருக்கு இச்சிறப்பு வந்த காரணம் யாது? ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஆபே 1890-இல் ஒரு கோட்பாட்டை வகுத்தார். அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும் என்பது அது. மைக்ரோமீட்டரில் அவ்வாறே அமைந்துள்ளது. காலிப்பரிலோ பொருள் தாடைகளுக்கு நடுவிலும், அளவுகோல் அதற்கு மேலே வேறோர் இடத்திலும் இருக்கின்றன. தாடை சிறிது சாய்ந்தாலும் அளவு மாறும். இதனால்தான் பொருளைத் தாடையின் நுனியில் பிடிக்காமல், கோலுக்கு அருகில் பிடித்து அளக்க வேண்டும். கைவிரலால் அதிகமாக அழுத்துதலும் கூடாது. சிறிய துளையின் உள்விட்டத்தை அளக்கும்போது, உட்தாடைகளின் தட்டையான விளிம்பு காரணமாக உண்மை அளவினும் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதையும் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

வெப்பத்தையும் மறத்தலாகாது. அளவுகள் யாவும் 20 பாகை செல்ஷியஸ் வெப்பநிலையில் கொள்ளப்படுவன. 100 மி.மீ. நீளமுள்ள எஃகு, கடைசலில் சூடேறி 50 பாகையை எட்டினால், ஏறக்குறைய 0.035 மி.மீ. நீண்டுவிடும். அலுமினியம் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளும். சுடச்சுட அளந்து சரியென்று இறக்கிய பொருள், ஆறிய பின் சிறுத்துப் போவது இதனாலேயே.

வாங்கும்போது கடையிலேயே செய்யத்தக்க சோதனைகள் சில உண்டு. தாடைகளை மூடி வெளிச்சத்தின் எதிரே பிடித்துப் பாருங்கள். இடையே ஒளி கசியலாகாது. மூடிய நிலையில் அளவு சுழியைக் காட்ட வேண்டும். நகரும் பகுதி தடையின்றியும் ஆட்டமின்றியும் செல்ல வேண்டும். அன்றாட வேலைக்கு 150 மி.மீ. நீளமே ஏற்றது, தேவையின்றி நீண்டதை வாங்கினால் பிழையும் சுமையுமே மிகும். பழைய வரைபடங்களில் அங்குலக் கணக்கு வந்தால், ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதை மனத்தில் வைத்தால் போதும்.

வாங்கிய பின்னும் கருவியை நம்பிவிடலாகாது. 1896-இல் ஸ்வீடன் நாட்டு யோஹான்சன் கண்டுபிடித்த ஸ்லிப் கேஜ் என்னும் அளவுக் கட்டைகளோடு ஒப்பிட்டு அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும். சிறு பட்டறைக்கு அக்கட்டைகள் இல்லையாயின், சோதனைச் சாலைகளில் கட்டணம் செலுத்திச் சரிபார்க்கலாம். 1962-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற மத்திய யந்திரக் கருவி நிலையம், இன்று மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிலையம் என்னும் பெயரோடு இவ்வளவியல் துறையில் பணியாற்றி வருகிறது.

சுருங்கக் கூறின், புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு நல்ல தரமான 150 மி.மீ. வெர்னியர் ஒன்றே முதற்கருவியாகத் தகும். அதைப் படிக்கப் பழகிய கண், பின்னர் எந்தக் கருவியையும் எளிதிற் கையாளும். வருவாய் கூடியபின் 0-25 மி.மீ. மைக்ரோமீட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். வரைபடம் கேட்கும் நுண்மையை முதலில் படித்து, அதன் பின்னரே கருவியைக் கையிலெடுப்பவர் செய்த பொருள் திரும்பி வருவது அரிது.